கடை உடைப்பவனைப் பார்த்ததும் சுடலாமா?

ஆகஸ்ட் 3, இரவு 9.40 (ஒரு வாசகரின் கேள்வி)

கலவரம் என்று பெயர் வைத்துக்கொண்டு டிவியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு என்ன மனித உரிமை? நாலு பேரைச் சுட்டால் நாலாயிரம் பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எந்த அரசாங்கத்துக்கும் அந்தத் துணிச்சல் இல்லை. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஆகஸ்ட் 3, இரவு 10.50

சரி, காரணத்தோடே மறுக்கிறேன்.

துணிச்சலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும் சிகாகோ எரிந்தது. எல்லாம் அடங்கிய பிறகு மேயர் ரிச்சர்ட் டேலி பத்திரிகையாளர்களைக் கூட்டி, தீ வைப்பவனைக் கொல்லும்படி சுடு, கொள்ளையடிப்பவனை முடமாகும்படி சுடு என்று உத்தரவு போடச் சொன்னதாக அறிவித்தார். அதே நாட்களில் வாஷிங்டன் நகரமும் எரிந்தது. அங்கே எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் இதே யோசனையை மேயர் வால்டர் வாஷிங்டனிடம் சொல்லிப் பார்த்தார். மேயர் முடியாது என்றுவிட்டார். அந்த நகரில் இறந்தவர்களில் பெரும்பாலோர் எரியும் கட்டடங்களுக்குள் சிக்கியவர்கள். குண்டடிபட்டுச் செத்தவர்கள் மிகக் குறைவு.

"நாலு பேரைச் சுட்டால்" என்கிறீர்களே, எந்த நாலு பேர்? திருடிய டிவியோடு ஓடுபவன், தன் கடைக் கல்லாப்பெட்டியைக் காப்பாற்றிக்கொண்டு ஓடும் முதலாளி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் அப்பன், இந்த மூன்று பேரும் இருட்டிலும் புகையிலும் ஐம்பது மீட்டர் தூரத்தில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

ஆகஸ்ட் 3, இரவு 11.15

"டெட்ராய்ட்டில் ராணுவம் வந்த பிறகுதானே அடங்கியது" என்று கேள்வி கேட்டவரே மறுபடி கேட்டிருக்கிறார். நல்ல உதாரணம்தான். ஆனால் அது அவர் பக்கம் நிற்காது. காலையில் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 4, காலை 6.30

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம், 1967 ஜூலை 23. உரிமமில்லாத ஒரு மதுக்கூடத்தில் விடியற்காலையில் போலீஸ் சோதனை. அதிலிருந்து கலவரம் கிளம்பியது. முடியும்போது 43 பேர் பிணம், 7,000 பேருக்கு மேல் கைது.

முதலில் இறக்கியது நேஷனல் கார்டு. பகுதி நேரப் படை. பெரும்பாலும் இளைஞர்கள், அனுபவம் குறைவு, நகரமும் பழக்கமில்லை. தெருவிளக்கைச் சுட்டார்கள், ஜன்னலைச் சுட்டார்கள். ஒரு வீட்டுக்குள் யாரோ சிகரெட் பற்றவைத்த வெளிச்சத்தைத் துப்பாக்கி வெடிப்பென்று நினைத்துச் சுட்டதில் நாலு வயதுப் பெண்குழந்தை செத்தது. அந்தக் குழந்தை எந்தக் கடையை உடைத்தது?

அப்புறம் வந்தவர்கள் ராணுவ பாராசூட் படையினர். வியட்நாம் பார்த்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். அவர்களுடைய தளபதி த்ராக்மார்ட்டன் செய்த முதல் காரியம், துப்பாக்கியிலிருந்து தோட்டாவைக் கழற்றச் சொன்னது. அதிகாரி சொன்னால் ஒழிய யாரும் சுடக்கூடாது. அணைந்து கிடந்த விளக்குகளையும் சிதறிக் கிடந்த குப்பையையும் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். ஜனாதிபதி ஜான்சன் நியமித்த கெர்னர் ஆணையத்தின் அறிக்கை இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறது: அந்தப் படை மொத்தமாகச் சுட்டது 201 ரவுண்டு, வந்த சில மணி நேரத்திலேயே நகரில் மிக அமைதியான பகுதி அவர்கள் நின்ற பகுதிதான்.

ஆக, ராணுவம் வந்ததால் அடங்கியது என்று சொல்வது பாதிக் கதை. பதறாத ஆட்கள் நிறையப் பேர் ஒரே நேரத்தில் வந்து நின்றார்கள், அதனால் அடங்கியது. அதைப் போலீஸே செய்ய முடிந்தால் ராணுவம் எதற்கு?

ஆகஸ்ட் 4, இரவு 8.10

"ஏசி அறையில் உட்கார்ந்து எழுதுகிறீர்கள், எரிந்த கடையைப் பார்த்திருக்கிறீர்களா" என்று ஒருவர். பார்த்திருக்கிறேன் ஐயா, பார்ப்பதுதான் தொழிலாக இருந்தது. பல வருடம் இன்சூரன்ஸ் சர்வேயர் வேலை. புகை அடங்கி ஊரடங்கு தளர்ந்ததும் கையில் பேடும் கேமராவுமாக முதலில் உள்ளே போகிற ஆள்.

போய்ப் பார்த்தால் பூட்டு இரண்டும் அப்படியே தொங்கும். ஷட்டர் மட்டும் நடுவில் கீழ்ப்பட்டையோடு வளைந்து, ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்குத் திறந்திருக்கும். பூட்டை உடைக்க நேரமாகும், ஷட்டரை நெம்ப ஒரு கம்பியும் நாலு கையும் போதும். உள்ளே அலமாரி காலி. ஆனால் ஒரு இடத்தில் நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது தரையைத்தான். தீ எரிந்து, தண்ணீர் அடித்து, சேறாகிப் போன சாம்பல். அதன்மேல் செருப்புத் தடம். ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக, பின்பக்கக் கிடங்குவரை போய்த் திரும்பிய தடம். சிறுபிள்ளைச் செருப்புத் தடமும் அதில் இருந்தது. அதாவது தீயணைப்பு வண்டி வந்து போன பிறகும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். குடும்பத்தோடு.

கோபத்தில் கல்லெறிந்த கூட்டம் வேறு, சாம்பலில் நடந்து வந்த கூட்டம் வேறு. இரண்டாவது கூட்டத்தைத் தடுக்கத் துப்பாக்கி வேண்டாம். தெருமுனையில் நாலு காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாலே போதும், யாரும் வந்திருக்க மாட்டார்கள். அந்தத் தெருவில் அன்றிரவு யாரும் இல்லை. கடைக்காரர் சொன்ன நஷ்டத்தில் முக்கால்வாசி தீயால் வந்ததில்லை, தீக்குப் பிறகு போனது.

ஆகஸ்ட் 4, இரவு 8.25

இன்னொன்று, சிரிக்கத்தான். 2011 லண்டன் கலவரத்தில் கிளாப்பம் ஜங்ஷன் பகுதியில் செருப்புக்கடை, போன்கடை எல்லாம் காலியானபோது புத்தகக் கடை மட்டும் கீறல் இல்லாமல் நின்றதாக அன்று எல்லோரும் எழுதினார்கள். என் தொழில் அனுபவமும் அதேதான். புத்தகக் கடை கிளெய்ம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 5, மதியம் 1.00

இப்போது முதல் மணி நேரங்கள். என் மொத்த வாதமும் இதில்தான் நிற்கிறது.

லாஸ் ஏஞ்சலஸ், 1992 ஏப்ரல் 29. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த வழக்கில் போலீஸ்காரர்கள் விடுதலை என்று பிற்பகல் மூன்றேகால் மணிக்குத் தீர்ப்பு. ஃப்ளாரன்ஸ், நார்மண்டி என்ற இரண்டு சாலைகள் சந்திக்கும் இடத்தில் கூட்டம் கூடியது. போலீஸ் வந்தது, கூட்டத்தைப் பார்த்தது, பின்வாங்கிப் போனது. மணிக்கணக்கில் திரும்பி வரவே இல்லை. வாகன ஓட்டிகளை இழுத்துப்போட்டு அடிப்பதை ஹெலிகாப்டர் கேமரா நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ் பிரென்ட்வுட்டில் ஒரு நிதி திரட்டும் கூட்டத்துக்குப் போயிருந்தார். போலீஸ் துறைச் சீர்திருத்தத்தை எதிர்ப்பதற்கான நிதி! அப்புறம் நேஷனல் கார்டைக் கூப்பிட்டார்கள், ஆள் வந்தது, தோட்டா வரவில்லை, அதற்கும் காத்திருந்தார்கள். 60 பேருக்கு மேல் இறந்தார்கள், சேதம் சுமார் 100 கோடி டாலர். கொரியர்களின் கடைகள் அதிகம் அடிபட்டன. அவர்கள் கூரைமேல் துப்பாக்கியோடு ஏறி நின்ற படத்தைச் சிலர் வீரமாகப் பகிர்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது போலீஸ் இல்லாத தெரு.

டிவியில் அன்று ஊரே பார்த்தது ஒரே ஒரு செய்தி: யாரும் வரமாட்டார்கள்.

லண்டன் 2011உம் ஏறக்குறைய அப்படித்தான். மார்க் டகன் என்பவர் ஆகஸ்ட் 4 அன்று போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டார். 6ஆம் தேதி அவர் குடும்பத்தினரும் அக்கம்பக்கத்தாரும் டாட்டன்ஹாம் காவல் நிலையத்துக்கு முன் பதில் கேட்டு நின்றார்கள். மணிக்கணக்கில் நின்றும் திருப்தியாகப் பதில் சொல்லும் பெரிய அதிகாரி யாரும் வெளியே வரவில்லை. இருட்டியதும் போலீஸ் கார் எரிந்தது. 8ஆம் தேதி திங்கள்கிழமை நகரம் முழுக்கப் பரவியபோது தெருவில் இருந்த காவலர்கள் சுமார் 6,000 பேர். மறுநாள் 16,000. அன்றிரவு லண்டன் அடங்கிவிட்டது. என்ன புது ஆயுதம் வந்தது? ஒன்றும் இல்லை. ஆள் வந்தது.

ஆகஸ்ட் 5, மதியம் 1.40

"தண்ணீர் பீரங்கியாவது வைத்திருந்தால்?" என்று கேட்டவருக்கு. வாங்கினார்களே! மேயராக இருந்த போரிஸ் ஜான்சன் 2014இல் ஜெர்மனியிலிருந்து மூன்று பழைய வண்டிகளை வாங்கினார். பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, ரேடியோ மாட்டி, 3 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவு. 2015இல் உள்துறை அமைச்சர் தெரசா மே பயன்படுத்த அனுமதி இல்லை என்றார். ஒரு நாள்கூடத் தண்ணீர் அடிக்காமல் 2018இல் சுமார் 11,000 பவுண்டுக்குப் பழைய இரும்பாகப் போனது. ஒரு வேலையும் செய்யாத வண்டிக்கு என் சர்வே ரிப்போர்ட்டில் இதைவிட நல்ல விலை போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 6, காலை 10.15

நேற்றிரவு முழுக்க ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதிகாரம் உடனே வந்து நிற்க வேண்டும் என்ற பொருள்பட எழுதிவிட்டேன். யாருடைய அதிகாரம், யார் பக்கம் நிற்கும் என்று கேட்காமல் தமிழில் இந்தப் பேச்சைப் பேச முடியாது.

1983 ஜூலை, கொழும்பு. 23ஆம் தேதி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். 24ஆம் தேதி இரவு கனத்தை மயானத்தில் கூடிய கூட்டம் பொரளையில் ஆரம்பித்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு எது, கடை எது என்று தேடித் தேடி வந்தார்கள். அந்தப் பட்டியல் கடையில் விற்கும் பொருளா? ஊரடங்கு மறுநாள் பிற்பகல்தான் வந்தது, அதற்குள் எரிய வேண்டியது எரிந்துவிட்டது. படையினரும் போலீஸும் பல இடங்களில் வேடிக்கை பார்த்தார்கள், சில இடங்களில் அதைவிட மோசம். அரசின் பூட்டுக்குள் இருந்த வெலிக்கடைச் சிறையிலேயே 25, 27 தேதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ஜனாதிபதி ஜெயவர்த்தன 28ஆம் தேதிதான் நாட்டுக்குப் பேசினார். பேசியதில் செத்தவர்களுக்காக ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை.

டெல்லி 1984இலும் இதே ஒழுங்கு. இந்திரா காந்தி கொல்லப்பட்டதற்கு மறுநாளிலிருந்து சீக்கியர் வீடுகளைக் குறிவைத்துத் தேடினார்கள், போலீஸ் விலகி நின்றது, ராணுவம் முழுதாக இறங்கத் தாமதம். டெல்லியில் மட்டும் அரசுக் கணக்கில் 2,733 பேர். அந்த வன்முறைக்காகக் காங்கிரஸ்காரர் சஜ்ஜன் குமாருக்கு டெல்லி உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது 2018 டிசம்பரில்.

இப்போது கேள்வி கேட்டவருக்கு: "பார்த்ததும் சுடு" என்ற உத்தரவை அன்றைய கொழும்புப் போலீஸ் கையில் கொடுத்திருந்தால் சுடப்பட்டிருப்பது யார்?

ஆகஸ்ட் 6, மாலை 5.30

"அது திட்டமிட்ட இனப்படுகொலை, அதைக் கலவரம் என்ற தலைப்புக்குள் கொண்டுவராதீர்கள்" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். கோபம் நியாயம். தானாக மூண்ட கலவரத்தோடு நான் அதைச் சமப்படுத்தவில்லை. ஆனால் வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே முகத்தோடுதான் ஆரம்பிக்கின்றன: கூட்டம், தீ, வராத போலீஸ். "கட்டுப்படுத்த முடியவில்லை" என்று ஒரு அரசு சொன்னால் நான் பார்ப்பது ஊரடங்கு போட்ட நேரத்தை. எப்போது தெரியும், எப்போது போட்டார்கள், இடையில் எத்தனை மணி நேரம். அந்த இடைவெளி நிறையக் கதை சொல்லும்.

ஆகஸ்ட் 8, இரவு 9.00

தண்டனைப் பேச்சுக்கு வருவோம். "சுட வேண்டாம் என்றால் விட்டுவிடலாமா?" என்றால், கூடவே கூடாது. பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்களை, கொஞ்சம் தாமதமானாலும்.

2011க்குப் பிறகு லண்டன் போலீஸ் கேமராப் பதிவுகளை உட்கார்ந்து பார்த்தது. முகங்களை மறக்காத ஒரு காவலர் தனி ஆளாகச் சுமார் 180 பேரை அடையாளம் காட்டினார், மென்பொருள் காட்டியது ஒரே ஒருவரை என்று பின்னால் செய்தி வந்தது. மாதக்கணக்கில் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். கடை உடைத்தவன் மூன்று மாதம் கழித்தும் காலையில் மணி அடித்தால் திடுக்கிடுகிறான் என்றால் அது நல்ல தண்டனை.

ஆனால் நீதிமன்றங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து கொடுத்த தீர்ப்புகளில் சில எனக்கு ஒட்டவில்லை. மூன்றரை பவுண்டு பெறுமான தண்ணீர் பாட்டில் கட்டு ஒன்றை எடுத்த மாணவனுக்கு ஆறு மாதம். அதுவரை எந்தக் குற்றமும் செய்யாதவன். ஃபேஸ்புக்கில் "வாங்க, உடைக்கலாம்" என்று எழுதிய இரண்டு பேருக்கு ஆளுக்கு நாலு வருடம். அதில் ஒருவர் சொன்ன இடத்துக்கு வந்தது போலீஸ் மட்டும்தான்!

2024 கோடையில் சவுத்போர்ட் நகரில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்ட பிறகு, கொலைகாரன் படகில் வந்த அகதி என்ற பொய்ச்செய்தியால் இங்கிலாந்தில் மறுபடியும் எரிந்தது. பிடிபட்டவன் கார்டிஃபில் பிறந்தவன். ஜூலை 30 கலவரம், ஆகஸ்ட் 7க்கெல்லாம் மூன்று வருடச் சிறை என்று முதல் தீர்ப்புகள் வந்துவிட்டன. அப்போதைய பிரதமர் ஸ்டார்மர்தான் 2011இல் அரசு வழக்குத் துறையின் தலைவராக இருந்தவர், வழி தெரிந்தவர். வேகம் வேலை செய்தது என்றுதான் நினைக்கிறேன். தண்டனையின் நீளம் வேலை செய்ததா என்று தெரியவில்லை. சிறையில் இடமில்லாமல் பழைய கைதிகளை முன்கூட்டியே விடும் ஏற்பாடு கலவரத்துக்கு முன்பே தயாராக இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆகஸ்ட் 8, இரவு 9.35

கலவரக்காரன் வீட்டைப் புல்டோசர் வைத்து இடிக்கலாமா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: கூடாது. கல்லெறிந்தவன் மகன், வீடு தாத்தா பெயரில், இடிந்தது பாட்டி படுத்திருந்த அறை. 2024 நவம்பர் 13 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர் என்பதற்காக வீட்டை இடிக்க முடியாது, 15 நாள் நோட்டீஸ் வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. இதற்குமேல் நான் என்ன சொல்ல.

ஆகஸ்ட் 9, காலை 11.20

யாரும் பேசாத ஒன்றைப் பேசுகிறேன், தொழில் புத்தி. கடைக்காரருக்குப் பணம் யார் கொடுப்பது?

1886இல் லண்டனில் வேலையில்லாதவர்கள் கூட்டம் பணக்காரத் தெருக்களின் கண்ணாடிகளை உடைத்தபோது இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. கலவரத்தில் சொத்து போனால் அந்தப் பகுதிப் போலீஸின் நிதியிலிருந்து இழப்பீடு. அமைதியைக் காப்பது உன் வேலை, காக்கவில்லை, கொடு. அவ்வளவுதான் தத்துவம். 2016இல் அதைப் புதுப்பித்து, ஒரு கிளெய்முக்குப் பத்து லட்சம் பவுண்டு உச்சவரம்பு வைத்தார்கள். போலீஸ் தலைமைக்கு முதல் மணி நேரத்தில் ஆள் அனுப்ப இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு ஓட்டையும் உண்டு. அந்தச் சட்டப்படி கலவரம் என்றால் 12 பேராவது சேர்ந்து வன்முறை செய்திருக்கவோ, செய்வதாக மிரட்டியிருக்கவோ வேண்டும். 11 பேர் உடைத்தால் வெறும் ரகளை, போலீஸ் நிதியில் காசு இல்லை. ஷட்டருக்கு முன்னால் நின்று தலையெண்ணிக்கொண்டிருக்கும் கடைக்காரரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

உடைத்தவர்களிடமே வசூலிக்கலாம் என்ற யோசனை நல்லதுதான், நீதிமன்றத்தில் நிரூபித்த பிறகு. அதற்குமுன் வசூலித்தால் அதுவும் ஒரு கொள்ளை.

ஆகஸ்ட் 10, இரவு 7.45

"எல்லாக் கலவரத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது, காரணத்தைத் தீர்க்காமல் போலீஸ் எண்ணிக்கையைப் பேசுவது குறுகிய பார்வை" என்று நீண்ட பதிவு போட்டிருக்கிறார் ஒருவர். பாதி ஒத்துக்கொள்கிறேன். டாட்டன்ஹாம் காவல் நிலைய வாசலில் ஒரு அதிகாரி வந்து உட்கார்ந்து பேசியிருந்தால் என்ற எண்ணம் எனக்கும் உண்டு. கெர்னர் ஆணையமும் காரணங்களைத்தான் பக்கம் பக்கமாக எழுதியது.

மீதிப் பாதி 1977 நியூயார்க். ஜூலை 13 இரவு மின்னல் தாக்கி மின்சாரம் போனது. யாரும் யாரையும் சுடவில்லை, எந்தத் தீர்ப்பும் வரவில்லை. மின்சாரம் திரும்புவதற்குள் 1,600 கடைகள் போயின, 3,700க்கு மேல் கைது. அதே நகரில் 1965இலும் 2003இலும் மின்சாரம் போனபோது அப்படி நடக்கவில்லை. 77இல் நகராட்சி திவால் நிலை, ஆயிரக்கணக்கில் போலீஸை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள், வேலையில்லாத் திண்டாட்டம், பொறுக்க முடியாத வெயில். காரணம் எப்போதும் இருந்தது. அன்றிரவு விளக்கும் இல்லை, தெருவில் ஆளும் இல்லை. 1969 அக்டோபரில் மான்ட்ரியல் போலீஸ் 16 மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தபோதும் இதேதான், பகலிலேயே வங்கிகளைக் கொள்ளையடித்தார்கள்.

காரணத்தைத் தீர்க்க ஐந்து வருடம் ஆகும். இன்றைக்கு இரவு கடைத்தெருவுக்கு ஆள் வேண்டும். இரண்டும் வேண்டும் என்றால் "மழுப்புகிறீர்கள்" என்பார்கள். மழுப்பவில்லை, இரண்டுக்கும் கடிகாரம் வேறு.

ஆகஸ்ட் 10, இரவு 8.05

வந்து நிற்கும் போலீஸ் எந்தக் கோலத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். 2004 ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியின்போது போர்ச்சுகலில் நகரப் போலீஸ் சாதாரணச் சீருடையில் ரசிகர்களோடு பேசிக்கொண்டு நின்றது. ஹெல்மெட்டும் கேடயமும் கண்ணில் படாத இடத்தில் தயாராக இருந்தன. ரகளைக்குப் பேர்போன இங்கிலாந்து ரசிகர்கள் அந்த நகரங்களில் ஏறக்குறைய ஒழுங்காக இருந்தார்கள். அந்த முறை இல்லாத அல்புஃபெய்ராவில் அடிதடி. கூட்டத்தின் உளவியலை ஆராயும் கிளிஃபோர்ட் ஸ்டாட் இதில் கூடவே இருந்து வேலை பார்த்தவர், தேடிப் படியுங்கள். எல்லோரையும் ரவுடியாக நடத்தினால், சும்மா நிற்பவனும் ரவுடி பக்கம் போய்ச் சேர்ந்துகொள்வான் என்பதுதான் அவர் சொல்வதன் சாரம்.

ஆகஸ்ட் 11, காலை 8.00

கேள்வி கேட்டவர் இறங்கி வந்திருக்கிறார்: "சரி, தீ வைப்பவனையாவது?" உள்ளே ஆள் இருக்கும் வீட்டுக்கு ஒருவன் தீ வைக்கிறான், வேறு வழியே இல்லை என்றால் சுடலாம், பெரும்பாலான நாட்டுச் சட்டங்களிலும் அதற்கு இடம் இருக்கும். அது உயிரைக் காப்பாற்ற. ஓடுகிறவன் முதுகில் சுடுவது அந்தக் கணக்கில் வராது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1985இல், ஆபத்தில்லாமல் தப்பி ஓடும் திருடனைச் சுட்டுக் கொல்லக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஆகஸ்ட் 11, காலை 8.30

கடை வைத்திருக்கும் இரண்டு பேர் தனியாகக் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன். தீ பாலிசியில் கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்யும் சேதம் ஆகியவற்றுக்கான பிரிவு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பிரீமியம் குறைக்க அதை எடுத்துவிட்டு விற்கும் ஏஜென்டுகள் உண்டு. கலவரத்தின்போது திருட்டுப் போனதும் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்டாக் பட்டியலைக் கடைக்குள் வைக்காதீர்கள், அதுவும் சேர்ந்து எரிந்தால் என்னைப் போன்ற ஒருவன் வந்து "ஆதாரம் எங்கே" என்று கேட்பான். போன மாதம் வாங்கிய சரக்குக்கான பில்லை மொத்த வியாபாரியிடமிருந்து நகல் வாங்கலாம், அது செல்லும். கடன் நோட்டை மட்டும் போனில் படம் எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் பாக்கிக்கு இந்த பாலிசியில் பணம் கிடைக்காது.